சிடுமூஞ்சி: வாக்கியத்தில் அமைத்து எழுதுக



சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில், ஐந்தாம் வகுப்பில் பயிலும் என் பேரனுடைய தமிழ்க் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'பின்வரும் சொற்களை வாக்கியத்தில் அமைத்து எழுதுக' என்னும் தலைப்பின்கீழ் ஐந்து சொற்கள் கொடுக்கப்பட்டிருந்தன: சலசல, கலகல, மளமள, கடுகடு, சிடுசிடு. ஓடை சலசலவென்று ஓடியது. பிள்ளைகள் கலகலவென்று சிரித்தார்கள். வேலை மளமளவென்று முடிந்தது. காவலரின் முகம் கடுகடுவென்று இருந்தது. நான்கும் நல்ல வாக்கியங்களே. ஐந்தாவது வாக்கியத்தை மட்டும் அவன் மற்றவற்றைவிடச் சிறிய எழுத்தில் எழுதியிருந்தான்.

"எங்கள் நன்னா எப்போதும் சிடுசிடு என்று இருப்பதால் அவர் ஒரு சிடுமூஞ்சி."

அதன் அருகே ஆசிரியை சிவப்பு மையால் 'சரி' என்று குறியிட்டிருந்தார்.

பேரனால் 'நன்னா' என்று அழைக்கப்படும் பேறு பெற்றவர் எங்கள் வீட்டில் ஒருவரே. 'சொற்களை அளந்து பேசுங்கள்' என்று மாதந்தோறும் இப்பகுதியில் உங்களுக்கு எடுத்துச்சொல்லி வருகிற இந்த எளியேனே அவர்! என் மனைவி வாய்விட்டுச் சிரித்தார். என் மகளோ, "வாப்பாவைப் பற்றி இப்படியா எழுதுவது?" என்று பிள்ளையின் காதைத் திருகப் போனாள். நான் தடுத்துவிட்டேன். ஆசிரியை சரியாகத்தான் திருத்தியிருக்கிறார். எழுவாய் இருக்கிறது, பயனிலை இருக்கிறது, காரணமும் கூறப்பட்டிருக்கிறது. இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கம் வர நெடுநேரம் ஆயிற்று. காரணத்தைப் பின்னர்க் கூறுகிறேன். முதலில் இந்தச் சொல்லைச் சற்று ஆராய்வோம்.

ஓசையிலிருந்து பிறந்த சொல்

'பாம்பு பாம்பு' என்று அச்சத்தில் அடுக்கிச் சொல்லும்போது, அதைப் பிரித்தாலும் 'பாம்பு' என்னும் சொல் பொருள் தரும். இதனை அடுக்குத்தொடர் என்பர். 'சலசல', 'மளமள', 'சிடுசிடு' போன்றவை அவ்வாறல்ல. இரட்டித்தே வரும், பிரித்தால் பொருள் தரமாட்டா. இவற்றை இரட்டைக்கிளவி என்பர். பள்ளியில் நாம் அனைவரும் படித்ததுதான்.

'சிடுசிடு' என்பது ஓர் ஓசையைக் குறிக்கும் சொல். ஈரம் பட்ட திரி விளக்கில் எரியும்போது எழுகின்ற ஓசை அது. காய்ந்த எண்ணெயில் நீர்த்துளி தெறித்தாலும் அத்தகைய ஓசையே எழும். எரிச்சலோடு பேசுகிற மனிதரின் பேச்சும் அந்த ஓசையைப் போல் இருப்பதால், அதையும் 'சிடுசிடுப்பு' என்றார்கள். எத்துணைப் பொருத்தம் பாருங்கள்! திரி சிடுசிடுக்கிறது என்றால் நெருப்பின்மீது குற்றம் இல்லை. திரியில் எங்கோ ஈரம் இருக்கிறது என்று பொருள்.

பேச்சு வழக்கோ இலக்கணத்திற்குக் காத்திராது. இரட்டையிலிருந்து ஒரு 'சிடு'வைக் கழற்றி, அதை 'மூஞ்சி'யோடு ஒட்டிவிட்டது. 'மூஞ்சி' என்னும் சொல்லை விலங்கினுடைய நீண்ட முகத்திற்குச் சொல்வதுண்டு. மனிதருக்குச் சொன்னால் அது இழிவு. ஒருவரை உவந்து பேசும்போது 'நிலவு போன்ற முகம்' என்போம். ஏசும்போது மட்டுமே 'மூஞ்சி' என்போம். ஆகவே, 'சிடுமூஞ்சி' என்பதில் முதற்பாதி எரிச்சலையும் பிற்பாதி இகழ்ச்சியையும் சுமந்து நிற்கிறது.

இலக்கண நோக்கில் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். 'சிடுமூஞ்சி வந்தார்' என்றால் வந்தது மூஞ்சி மட்டும் அன்று. சிடுசிடுத்த முகத்தை உடைய ஒருவர் முழுமையாக வந்தார். 'உடையவர்' என்னும் சொல் வெளியே தெரியாமல் மறைந்து நிற்கிறது. இவ்வாறு வருவதை அன்மொழித்தொகை என்பர். மறைந்து நிற்பது சொல் மட்டும்தானா? அந்த மனிதரும் அல்லவா மறைந்துவிடுகிறார்! அவர் சமைத்த உணவு, செய்த உதவி, பட்ட துன்பம் ஆகிய யாவும் மறைந்து, ஒரு முகம் மட்டும் எஞ்சி நிற்கிறது.

ஐவகை முகங்கள்

சினத்தைக் குறிக்கத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போடுவதால் பொருள் மாறிவிடும். பிள்ளைகளுக்குப் பயன்படும் என்பதால் ஐந்து சொற்களை வாக்கியத்தில் அமைத்துத் தருகிறேன்.

முன்கோபி: ஆராய்வதற்கு முன்பே சினம் கொள்பவர். சினம் வந்த வேகத்திலேயே தணிந்தும் விடும். "பெரியவாப்பா முன்கோபிதான்; ஆனால் சோறு ஆறுவதற்குள் அவருடைய கோபம் ஆறிவிடும்."

உம்மணாமூஞ்சி: இவர் எரிந்து விழமாட்டார், பேசவும் மாட்டார். 'உம்' என்று இருப்பவர். "விருந்துக்கு வந்தோரெல்லாம் பேசி மகிழ, மாப்பிள்ளையின் தம்பி மட்டும் உம்மணாமூஞ்சியாக மூலையில் அமர்ந்திருந்தான்."

கடுவன் பூனை: கடுவன் என்பது ஆண் பூனை. முறைத்துப் பார்த்தே பிறரை விலக்கி வைப்பவருக்கு இது உவமை. "கடைக்காரர் கடுவன் பூனைபோல் நோக்கியதால், மீதிச் சில்லறையைக் கேட்காமலே சிறுவன் திரும்பிவிட்டான்."

முசுடு: மாமரத்தில் இலைகளைச் சேர்த்துப் பின்னிக் கூடு கட்டுகிற சிவப்பு எறும்பை அறிவீர்கள். முசுறு, முசிறு, முசுடு என்று அது பலவாறு வழங்கும். மரத்தில் கை வைத்த மாத்திரத்தில் கடிக்கும் குணத்தால், நெருங்கவொண்ணாத மனிதருக்கும் அப்பெயர் வந்தது. ஆனால் அந்த எறும்பு யாரையும் தேடிச்சென்று கடிப்பதில்லை. தன் கூட்டைக் காப்பதற்காகவே கடிக்கிறது. "அவரை முசுடு என்று ஊரார் ஒதுக்கினார்கள்; வெள்ளம் வந்த இரவில் முதலில் கதவைத் திறந்துவிட்டவர் அவரே."

சிடுமூஞ்சி: எடுத்ததற்கெல்லாம் எரிச்சல் கொள்பவர் என்று பெயர் எடுத்தவர். "சிடுமூஞ்சி என்று பெயர் வாங்கிவிட்டால், சிரித்தாலும் எவரும் நம்புவதில்லை."

இவ்விடத்தில் ஓர் உண்மையையும் மறைக்காமல் கூறிவிடுகிறேன். இச்சொற்களை நாம் எல்லோருக்கும் ஒரே அளவில் வழங்குவதில்லை. வீட்டுத் தலைவர் சினந்தால் 'கண்டிப்பானவர்' என்கிறோம். சம்பாதிக்கும் மகன் சினந்தால் 'வேலைக் களைப்பு' என்கிறோம். விடியற்காலையில் எழுந்து, எல்லோரும் உண்டபின் எஞ்சியதை உண்டு, கடைசியாகப் படுக்கைக்குச் செல்லும் ஒரு பெண் இரண்டு சொல் கடிந்து பேசினால் மட்டும், 'சிடுமூஞ்சி' என்னும் பட்டம் உடனே தயாராகிவிடுகிறது!

எங்கள் மாமி

அன்றிரவு நான் உறங்காதிருந்ததற்கான காரணத்திற்கு இப்போது வருகிறேன்.

என் வாப்பாவின் மூத்த சகோதரி இளமையிலேயே கணவரை இழந்து எங்கள் வீட்டில் வாழ்ந்து வந்தார். பிள்ளைகள் இல்லை. கூட்டுக் குடும்பம், சிறுவர் சிறுமியர் மட்டுமே ஒன்பது பேர். அடுக்களைப் பொறுப்பு முழுவதும் மாமியின் கையில் இருந்தது. "மாமி, தண்ணீர் தாருங்கள்" என்று கேட்டால் திரும்பிப் பாரார். மறுபடியும் கேட்டால், "என்ன?" என்று வெடுக்கென்று கேட்பார். பின்னாலிருந்து முந்தானையைப் பிடித்து இழுத்தால் திடுக்கிட்டுக் கையை ஓங்குவார். பெண்கள் கூடிப் பேசிச் சிரிக்கும் இடத்தில் அவர் மட்டும் சிரிக்கமாட்டார். அனைவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

'சிடுமூஞ்சி மாமி' என்று அவருக்குப் பெயர் வைத்தது யார் தெரியுமா? நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது. பிள்ளைகள் எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். தெருப் பிள்ளைகளுக்கும் அது பரவிற்று. நாளடைவில் பெரியவர்களும், மாமி இல்லாத நேரங்களில் புன்சிரிப்போடு அதைச் சொல்லத் தொடங்கினார்கள்.

1967ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் காலை. தொழுதுவிட்டு வந்து, புத்தாடையோடு வரிசையாக அமர்ந்திருந்தோம். மாமி எங்களுக்கு முதுகைக் காட்டியவாறு வட்டிலப்பத்தை வெட்டிக்கொண்டிருந்தார். "இந்தச் சிடுமூஞ்சி மாமி எப்போது வெட்டி முடித்து, நாம் எப்போது சாப்பிடுவது?" என்று நான் உரக்கவே சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். மாமியின் கை ஒரு கணம் நின்றது. பிறகு அவர் திரும்பினார். ஒன்றும் பேசவில்லை. முதல் துண்டை, மற்றவர்களுடையதைவிடப் பெரிய துண்டை, என் தட்டில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அன்று அவர் எங்களோடு அமர்ந்து உண்ணவில்லை.

மறு ஆண்டு, எங்கள் சந்தில் பின்னால் வந்த ஒரு மிதிவண்டி மாமியின்மீது மோதிவிட்டது. "விடாமல் மணி அடித்தேன், அம்மா விலகவே இல்லை" என்று வண்டி ஓட்டி வந்த இளைஞர் அழாத குறையாகச் சொன்னார். அதன் பின்னரே வாப்பாவுக்கு ஐயம் தோன்றிற்று. மதுரைக்கு அழைத்துச் சென்று காது மருத்துவரிடம் காட்டினார். இடச் செவி அறவே கேட்கவில்லை. வலச் செவியும் பாதிதான் கேட்கிறது. இது இன்று நேற்று வந்ததன்று, பல ஆண்டுகளாகவே இருந்திருக்க வேண்டும் என்று மருத்துவர் கூறினாராம். "ஏன் சொல்லவில்லை, ராத்தா?" என்று வாப்பா கேட்டதற்கு, "விதவைக்குச் செவியும் கேட்காது என்றால் பாரமாக எண்ணிவிடுவீர்களோ என்று பயந்தேன் தம்பி" என்று மாமி சொன்னாராம். இதை வாப்பா எங்களிடம் சொல்லும்போது அவருடைய குரல் உடைந்துபோயிற்று.

முன்னால் நின்று, முகம் பார்த்து, நிதானமாகப் பேசுங்கள் என்பதே மருத்துவர் எங்களுக்குச் சொல்லியனுப்பிய அறிவுரை. அவ்வாறே பேசினோம். சில மாதங்களில் மாமி எங்களோடு அமர்ந்து சிரிக்கலானார். சிரிப்புக்குரிய கதைகளை எங்களைவிட நன்றாகச் சொல்லவும் செய்தார்! மாமியின் குணத்தில் மாற்றம் ஏதும் இல்லை. நாங்கள் நிற்கும் இடத்தை மாற்றிக்கொண்டோம், அவ்வளவே.

ஆயினும் ஒரு கணக்கு என் மனத்தில் இன்னும் தீரவில்லை. அந்தப் பெருநாள் காலையில் நான் மாமியின் வலப்பக்கத்தில் அமர்ந்திருந்தேன். எத்தனையோ ஆண்டுகளாக நாங்கள் அன்பாகச் சொன்ன சொற்கள் அவருக்குக் கேட்காமல் போயிருக்கின்றன. அந்த ஒரு சொல் மட்டும் கேட்டுவிட்டது. மன்னிப்புக் கேட்க எனக்குப் பதினைந்து ஆண்டுகள் அவகாசம் இருந்தது. நாணத்தால் நாளைக் கடத்தினேன். 1983இல் மாமி மவுத்தானபோது, செய்தியை அறிவிக்கச் சென்ற தெரு இளைஞர் ஒருவர் வீடு வீடாக, "சிடுமூஞ்சி மாமி மவுத்தாகிவிட்டார்கள்" என்று சொல்லிச் சென்றார். இகழ்வதற்காகச் சொல்லவில்லை, அவருக்கு மாமியின் வேறு பெயர் தெரியாது!

வினையும் பெயரும்

இதனால்தான் பேரனின் வாக்கியம் என்னை உறங்கவிடவில்லை. அவன்மீது எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அவ்வாக்கியத்தில் இரண்டு பகுதிகள் உள்ளன. 'சிடுசிடு என்று இருக்கிறார்' என்பது ஒன்று. 'அவர் ஒரு சிடுமூஞ்சி' என்பது மற்றொன்று. முன்னது செயலைச் சொல்கிறது. பின்னது ஆளுக்குப் பெயர் சூட்டுகிறது. செயலுக்குக் காலம் உண்டு. நேற்றுச் சிடுசிடுத்தார், இன்று சிடுசிடுக்கிறார், நாளை சிடுசிடுக்காமலும் இருக்கலாம். பெயருக்குக் காலம் இல்லை. ஆள் மாறினாலும் பெயர் மாறாது. ஆள் மறைந்தாலும் மறையாது. வினையைக் கேட்டால், 'ஏன்?' என்று வினவத் தோன்றும். பெயரைக் கேட்டால் வினவத் தோன்றாது; 'அவர் அப்படித்தான்' என்று பேச்சு முடிந்துவிடும். 'மாமி ஏன் திரும்பிப் பார்ப்பதில்லை?' என்று எங்கள் வீட்டில் ஒருவராவது கேட்டிருந்தால், அந்த மிதிவண்டி வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்திராது.

திருக்குர்ஆனின் 80ஆம் அத்தியாயத்தின் பெயரை நினைத்துப் பாருங்கள். 'அபஸ' என்பது அதன் பெயர். அதன் முதற்சொல்லும் அதுவே. 'முகம் கடுத்தார்' என்பது பொருள். அது ஒரு வினைச்சொல், இறந்தகால வினை. குறைஷித் தலைவர்களோடு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உரையாடிக்கொண்டிருந்தபோது, பார்வையற்ற தோழர் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் இடையே வந்து வினவிய நிகழ்ச்சியை ஒட்டி அது அருளப்பட்டதாகப் பெரும்பாலான விரிவுரையாளர்கள் கூறுவர். வந்தவர் பார்வையற்றவர், எதிரில் இருந்த முகக்குறிப்பை அவர் கண்டிருக்க முடியாது. எனினும் அந்த ஒரு கணத்து முகக்குறிப்பும் கவனிக்கப்படாமல் விடப்படவில்லை. அதே வேளையில் அது ஒரு கணத்துச் செயலாகவே சொல்லப்பட்டது. பின்னாளில் அந்தத் தோழர் மதீனாவில் பாங்கு சொல்லும் சிறப்பையும் பெற்றார் என்பது நாம் அறிந்த வரலாறு.

அதே வேரிலிருந்து பிறந்த மற்றொரு சொல்லையும் நம் வீடுகளில் நாள்தோறும் வழங்குகிறோம்: அப்பாஸ்! மிகுதியாக முகம் கடுப்பவர் என்பது அதன் சொற்பொருள். சிங்கத்திற்கு அதுவும் ஒரு பெயர். நபிகளாரின் சிறிய தந்தையாருடைய திருப்பெயர் அது என்பதால் நாம் உவந்து சூட்டுகிறோம். அவ்வேரிலிருந்து வந்த பெயரைத் தாங்கிக்கொண்டு, முகம் கோணாமல் உதவுகிற அப்பாஸ்கள் எத்தனை பேர் நம் ஊர்களில் இருக்கிறார்கள்! அன்போடு இட்ட பெயர் பெருமை தருகிறது. இகழ்ந்து இட்ட பெயரோ ஆளையே மறைத்துவிடுகிறது. இழிவான பட்டப்பெயர்களால் ஒருவரையொருவர் அழைப்பதை 49ஆம் அத்தியாயமாகிய அல்ஹுஜுராத்தின் 11ஆம் வசனம் விலக்கியிருப்பதை நாம் அனைவரும் ஓதியிருக்கிறோம். ஓதிய வீட்டில்தான் நானும் பெயர் வைத்தேன்.

இப்படிக் கூறுவதால், எரிந்து விழுவோர்க்கெல்லாம் நான் பரிந்து பேசுவதாக எண்ணிவிடாதீர்கள். வீட்டிற்குள் நுழையும்போதே மனைவி மக்களை நடுங்க வைப்பவர், 'என் குணம் அப்படி' என்று தப்பித்துக்கொள்ள இயலாது. கூர்ந்து நோக்கினால், அவரும் தமக்குத் தாமே ஒரு பெயரைச் சூட்டிக்கொண்டு அதற்குள் ஒளிந்துகொள்பவரே. 'நான் முன்கோபி' என்பவர் திருந்த வேண்டியதில்லை என்று எண்ணுகிறார். 'நான் நேற்று உன்மீது எரிந்து விழுந்தேன்' என்று வினையாகச் சொல்பவரோ மன்னிப்புக் கேட்பதற்கு அருகில் வந்துவிடுகிறார்.

இம்மாதப் பயிற்சி

மறுநாள் பேரனை அருகில் அமர்த்திக்கொண்டேன். அவன் அஞ்சியவாறே அமர்ந்தான்.

"வாக்கியம் சரிதான். ஆனால் 'எப்போதும்' என்று எழுதியிருக்கிறாயே! எப்போது என்று சரியாக எழுதிக் காட்டு பார்ப்போம்" என்றேன்.

நெடுநேரம் பென்சிலைக் கடித்தான். பிறகு எழுதினான்: "காலையில் செய்தித்தாள் படிக்கும்போது நான் ஏதாவது கேட்டால் நன்னா சிடுசிடுப்பார்."

படித்துப் பார்த்தேன். முற்றிலும் உண்மை! முதல் வாக்கியத்தைப் படித்தபோது எனக்கு வருத்தம் மட்டுமே இருந்தது. இதைப் படித்தபோது, நான் செய்ய வேண்டியது இன்னது என்பது தெரிந்துவிட்டது. இப்போதெல்லாம் அவன் பள்ளிக்குச் சென்ற பின்னரே செய்தித்தாளை விரிக்கிறேன். செய்திகள் எனக்காகக் காத்திருக்கின்றன. அவற்றுக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

சகோதர சகோதரிகளே! உங்கள் வீட்டிலும் 'சிடுமூஞ்சி' என்றோ 'முசுடு' என்றோ பெயர் பெற்ற ஒருவர் இருக்கக்கூடும். மாமியாராக இருக்கலாம், மருமகளாக இருக்கலாம், வயதான நன்னியாக இருக்கலாம். இம்மாதம் அவரைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள். பெயர்ச்சொல்லை விலக்கிவிட்டு, வினைச்சொல்லால் எழுதுங்கள். எப்போது, எவரிடம், எதற்காக அவர் சிடுசிடுக்கிறார் என்று அவ்வாக்கியத்தில் இடம்பெறட்டும். எழுதும்போதே திரியில் ஈரம் எங்கே இருக்கிறதென்று உங்களுக்குப் புலப்படலாம். செவியில் இருக்கலாம், முழங்கால் வலியில் இருக்கலாம், எவரிடமும் சொல்லாத கடனில் இருக்கலாம். நாமே கூட அதற்குக் காரணமாக இருக்கலாம்.

எழுதிய வாக்கியத்தை எனக்கு அனுப்ப வேண்டியதில்லை. அவருக்கு முன்னால் சென்று நின்று, முகம் பார்த்து, நிதானமாக ஒரு சொல் பேசினால் போதுமானது. நான் பதினைந்து ஆண்டுகள் தள்ளிப்போட்டதைப் போல் நீங்களும் தள்ளிப்போட வேண்டாம்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் வேறொரு சொல்லோடு சந்திப்போம். வஸ்ஸலாம்.